கை கழுவும் இடம்

மார்ச் 3, செவ்வாய்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்று ஒரு மணி நேரம் நின்று எண்ணினேன். குழந்தையைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டிய தடவைகள் முப்பத்தெட்டு. கழுவியது இருபத்தொன்பது. தவறவிட்டவர்களில் பெரிய டாக்டரும் ஒருவர். சொன்னேன். "இதோ, கழுவிட்டேன் சோப்பு போலீஸ்!" என்று சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினார். நோய்த்தொற்றுத் தடுப்புச் செவிலியர் என்று நீட்டி முழக்குவதற்குப் பட்டப்பெயரே தேவலை.

மார்ச் 5, வியாழன்

மூன்றாம் தொட்டில் குழந்தையின் ரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது. ஆண் குழந்தை, ஒன்றேகால் கிலோ. "சாதாரண மருந்துக்கெல்லாம் மசியற கிருமி இல்ல சிஸ்டர்" என்றார் ஆய்வகத்துக்காரர். ஒன்றுதானே. ஒன்று என்றால் தற்செயலாக இருக்கலாம். இருக்கலாம்தானே?

மார்ச் 9, திங்கள்

இரண்டாம் தொட்டில். அதே கிருமி.

பெரிய டாக்டர் இன்று சிரிக்கவில்லை. "எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?" இன்குபேட்டர், எடைத்தட்டு, ஸ்டெதாஸ்கோப், கதவுப்பிடி என்று எல்லாவற்றிலும் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்தேன். பிறகு அங்கே வேலை செய்யும் இருபத்தாறு பேரின் கைகள். கடைசியாக என் கைகள்.

நானாக இருந்தால்? தினமும் எட்டுத் தொட்டிலையும் சுற்றி வருகிறவள் நான்தான்.

மார்ச் 12, வியாழன்

ஒரே ஒரு கையில்தான் கிருமி. துப்புரவு அக்காவின் வலது கை.

பதினோரு வருடமாக அந்தப் பிரிவைத் துடைக்கிறவர். ப்ளீச்சில் ஊறி ஊறி விரலெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. என் பெயருக்கு நேரே 'இல்லை' என்று பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. முதலில் தோன்றியது அதுதான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

'தொற்றுக்கு மூலமாக இருக்கக்கூடும்' என்று அறிக்கையில் எழுதினேன். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் சத்தமாகப் படித்தார், 'கூடும்' காணாமல் போயிருந்தது. நாளையிலிருந்து அக்கா வர வேண்டாம்.

"நான் கொழந்தைங்கள தொட்டதே இல்லையே சிஸ்டர்" என்றார், துடைப்பானைச் சுவரோரம் சாய்த்துவிட்டு.

"தெரியும்க்கா. கொஞ்ச நாளைக்குத்தான்."

தெரியும் என்றால் ஏன் எழுதினாய்?

மார்ச் 14, சனி

மூன்றாம் தொட்டில் காலை ஆறே முக்காலுக்கு இறந்துபோனது. பன்னிரண்டு நாள். அதன் அம்மா உள்ளே வருவதற்கு முன் முழங்கை வரை, நான் சொல்லிக்கொடுத்தபடியே, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். இனி எதற்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 16, திங்கள்

புதிதாக யாருக்கும் இல்லை. இரண்டாம் தொட்டில் தேறுகிறது. அக்காதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கும் அப்படியே இருந்துவிட்டால் நல்லது.

மார்ச் 18, புதன்

ஐந்தாம் தொட்டில். அதே கிருமி.

பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை பிறந்தது. அக்கா போய் மூன்று நாள் கழித்துப் பிறந்தது!

அந்தத் தேதியை மூன்று தடவை சரிபார்த்தேன். அக்கா இல்லை. அக்காவே இல்லை. அப்படியென்றால் அது இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது. எட்டுத் தொட்டில், ஏழு குழந்தைகள். எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது?

"வந்ததுலேருந்து நாலாவது தடவ கழுவுற. தோலே உரியுது பாரு" என்று கணவர் குழாயை மூடினார். கத்திவிட்டேன். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மார்ச் 20, வெள்ளி

இன்று எண்ணவில்லை. பிற்பகல் முழுக்க ஒரு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். "யாரைப் பிடிக்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இளைய செவிலி ஒருத்தி கை கழுவினாள். அருமையாகக் கழுவினாள், ஒரு குறை சொல்ல முடியாது. வாஷ்பேசினில் குழாய்த் தண்ணீர் நேராக வடிகால் ஓட்டைக்குள் விழுந்தது. துளிகள் தெறித்து அவள் ஏப்ரனில் பட்டன. பக்கத்து மேசையிலும் பட்டன. அந்த மேசையில்தான் அவள் ஊசிமருந்தை எடுத்து சிரிஞ்சில் நிரப்பினாள். கை சுத்தம், மருந்து சுத்தம். மேசை?

மேசையை அங்கே யார் போட்டது?

நான். போன நவம்பரில். மருந்து எடுக்கும் முன் கை கழுவ யாரும் மறக்கக் கூடாது என்று, மறுகோடியில் கிடந்ததை நானே இழுத்து வந்து வாஷ்பேசினை ஒட்டிப் போட்டேன். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

மருந்துகளை உடனே அடுத்த அறைக்கு மாற்றச் சொன்னேன்.

மார்ச் 21, சனி

காலையில் ஆய்வகத்துக்காரர் ஊதாச் சாயம் ஒரு குப்பி கொண்டுவந்தார். வடிகாலில் ஊற்றினோம். வாஷ்பேசினைச் சுற்றியும் மேசை மேலும் வெள்ளைத்தாள் பரப்பினோம். எப்போதும் திறக்கிற அளவுக்குக் குழாயைத் திறந்தேன். அரை நிமிடம்.

மேசைத்தாளில் பதினேழு ஊதாப் புள்ளிகள். சிரிஞ்சுத் தட்டு இருந்த இடத்தில் மட்டும் ஆறு.

அவர் புள்ளிகளை மறுபடியும் எண்ணினார். பிறகு, "ரிசல்ட் வர்ற வரைக்கும் வெளிய சொல்ல வேணாம் சிஸ்டர்" என்றார். வடிகாலின் உள்ளே தடவி மாதிரி எடுத்தோம். நான் குழாயை டேப் ஒட்டி மூடினேன். மேசையையும் நானே பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டேன். நவம்பரில் இழுத்து வந்தபோது இருந்ததைவிட அது கனமாக இருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

வடிகாலில் அதே கிருமி. அந்த ஓட்டையில் கைவிட்டுத் தினமும் சுத்தம் செய்தவர் அக்கா. அங்கிருந்துதான் அவர் கைக்கு வந்திருக்கிறது. நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

கண்காணிப்பாளர் அறிக்கையின் வரைவைப் பார்த்தார். "மேசைய யார் போட்டாங்கன்னு எதுக்கும்மா? 'மேசை அங்க இருந்தது'ன்னு எழுதுங்க. போதும்."

மேசை அங்கே இருந்தது. பொய்யில்லை. மேசைகள் தாமாக நடந்து போய் நிற்கிற மாதிரி ஒரு வாக்கியம். மாலை வரை அதை அப்படியே வைத்திருந்தேன்.

"வேல போயிடும்னு பயமா?" என்று கேட்டார் கணவர்.

"அதுவும்தாங்க."

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'மேசையை அங்கே போட்டது நான்.'

மார்ச் 30, திங்கள்

மூன்றாம் தொட்டிலின் அப்பாவையும் அம்மாவையும் வரச்சொல்லியிருந்தோம். பெரிய டாக்டர் விளக்கினார் - தண்ணீர், வடிகால், தெறிப்பு, மேசை. அவளுக்கு அதிலெல்லாம் கவனமில்லை.

"அந்த மேசைய யாரு அங்க வெக்கச் சொன்னது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "நான்தாம்மா" என்றேன்.

"நீங்களா? எனக்குக் கை கழுவச் சொல்லித் தந்தீங்களே... நீங்களா?"

தலையாட்டினேன். அவள் திட்டியிருக்கலாம். கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நாற்காலியில் அவள் கைக்குட்டை கிடந்தது. ஓடிப்போய்க் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை, டாக்டர்தான் கொண்டுபோனார்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தார். விரல் வெடிப்புகள் ஆறியிருந்தன.

"அந்த மேச எப்பவும் ஈரமாவே இருக்குதுன்னு நான் சொன்னேனே சிஸ்டர்."

"யார்கிட்டக்கா?"

"உங்ககிட்டதான். டிசம்பர்ல. 'தொடச்சிடுங்கக்கா'ன்னு சொல்லிட்டு போனை எடுத்துட்டுப் போயிட்டீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு துளிகூட. பொய் சொல்கிறாரோ என்று ஒரு கணம் பார்த்தேன். அவர் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

"திரும்பி வரமாட்டேன்னு சொல்லல. ஆனா மொதல்ல எழுதிக் குடுங்க, என் கையால எதுவும் ஆகலன்னு. எம் பொண்ணு புகுந்த வீட்டுல வரைக்கும் பேச்சு போயிருக்கு. நீங்க எழுதினா படிச்சுக் காட்டுவேன்."

அங்கேயே எழுதினேன். 'கூடும்' எதுவும் போடவில்லை.

ஏப்ரல் 11, சனி

எனக்குக் குறிப்பாணை வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பதவி உயர்வு கிடையாது. வேலை இருக்கிறது.

மே 6, புதன்

ஐந்தாம் தொட்டிலுக்குப் பிறகு ஒருவருக்கும் இல்லை. நாற்பத்தொன்பது நாள். இரண்டாம் தொட்டில் போன மாதமே வீட்டுக்குப் போயிற்று. ஐந்தாம் தொட்டில்காரி இரண்டு கிலோ தாண்டிவிட்டாள், கத்துகிற கத்தலில் வராந்தா வரை அதிர்கிறது.

இன்று தொற்றுத் தடுப்புக் குழுக் கூட்டம். துப்புரவுப் பணியாளர் ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தேன். போன மாதம் வேலைக்குத் திரும்பிய அக்கா வந்திருந்தார். பெரிய டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி, உட்கார மனமில்லாமல் நுனியில் உட்கார்ந்தார்.

பழையதற்குப் பதிலாகப் போட்ட புது வாஷ்பேசின் பற்றிக் கண்காணிப்பாளர் நான்கு வரி படித்துவிட்டு, "அடுத்தது..." என்று தாளைத் திருப்பினார்.

"இருங்க சார்" என்றார் அக்கா. "புதுசுல தண்ணி எறங்கவே மாட்டேங்குது. ரெண்டு நாளா தேங்கி நிக்குது."

பிளம்பர் நாளை ஒன்பது மணிக்கு வந்துவிடுவார் என்றார்கள்.

"ஒம்பதுன்னா அவரு பத்துக்கு வருவாரு. அதுவரைக்கும் கொழாய மூடி வெக்கணும் சிஸ்டர். இப்பவே" என்றார், என்னைப் பார்த்து.

கூட்டம் முடியட்டும் என்று நான் சொல்லவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.