நூற்றுப்பதின்மூன்றாம் கப்பல்

ஆஹென், 4 செப்டம்பர் 2006
கெல்டர் பிரதர்ஸ், சண்டர்லேண்ட். 1871-இல் தொடங்கி 1964-இல் மூடிய பிரிட்டிஷ் கப்பல் கட்டும் தளம். கட்டிய கப்பல்களுக்கு ஒன்று முதல் 187 வரை எண். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எல்லாம் இருக்கிறது, 113-ஐத் தவிர. பெயர் இல்லை, வாங்கியவர் இல்லை, ஒரு எழவும் இல்லை. நூலகத்திலிருந்து வரவழைத்த மூன்று புத்தகங்களும் கையை விரித்துவிட்டன.

11 செப்டம்பர்
பேராசிரியர் பட்டியலில் விரலை வைத்து, இந்த ஓட்டையோடு வாங்க மாட்டேன் என்றார். 29-ஆம் தேதிக்குள் கொடுத்தால்தான் டிசம்பரில் மியூனிக் வேலை. அப்பா தூத்துக்குடியில் பாதி ஊருக்குச் சொல்லியாயிற்று.

12 செப்டம்பர்
அந்தத் தளத்தில் வரைபடம் போட்ட ஒரு பெரியவரின் முகவரி கிடைத்தது. ஹக்கின்ஸ். வயது எண்பத்தைந்து. கடிதம் போட்டேன்.

27 செப்டம்பர்
பதில் இல்லை.

28 செப்டம்பர்
எழுதிவிட்டேன். "113 — சிறிய இழுவைப் படகு, 1924." பெயர்கூட நானே வைத்தேன். அறைத்தோழி வனஜா எங்கே கிடைத்தது என்று கேட்டாள். பழைய பேப்பர்ல என்றேன். வேற என்ன பண்றது? நாளைக்குக் கடைசி நாள்.

17 அக்டோபர்
பேராசிரியர் பாராட்டினார் — அதுவும் அந்தப் படகுக்காக! விடாமல் தேடியிருக்கிறாய் என்றார். வெள்ளிக்கிழமை மதிப்பெண்.

18 அக்டோபர்
பெரியவரின் கடிதம். ஆஸ்பத்திரியில் இருந்தாராம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறார், என்னிடம் போய்.

13-ஆம் கப்பலை ஆற்றில் இறக்கும்போது அதைத் தாங்கிய முட்டுகள் சரிந்து ஆறு பேர் செத்திருக்கிறார்கள். 113 வந்தபோது அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும் வேலையில். அந்த எண்ணில் ஒரு ரிவெட் ஆணிகூட அடிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். முதலாளி வாயை மூடிக்கொண்டு 112-க்கு அடுத்து 114 போட்டார்.

நான் படித்தவரை, அந்தத் தளத்தில் தொழிலாளிகள் சொன்னது நடந்த ஒரே இடம் அது. அங்கே போய் நான் ஒரு படகைக் கட்டி வைத்திருக்கிறேன். சீ.

19 அக்டோபர்
சொல்லிவிட்டேன். பேராசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஆய்வேடு செல்லாது. வேறு தலைப்பு, முதலிலிருந்து, ஆறு மாதம்.

22 அக்டோபர்
மியூனிக்காரர்கள் காத்திருக்க முடியாது என்று மெயில் அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த ஒத்த வரிய யாரும்மா உக்காந்து படிக்கப் போறாங்க? சும்மா இருந்திருக்கலாம்லா?" என்றார்.

எரிச்சலாக வந்தது. அந்த வரியை எழுதும்போது நானும் இதையேதான் நினைத்தேன்.