மேசைக்கு அடியில்

பாப்பா,

யாரோ அடித்துத் துரத்திய நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சந்தையில் ஏலம் கூவுகிற தொண்டையை நான் வீட்டிலும் திறந்தால் போதும், நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து சும்மா கிடக்கும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்கிறது.

இதைக் கொடுத்த நாய்க் காப்பகத்துப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். "அதுவா மனசு வச்சு வெளிய வரணும் சார். நீங்க சத்தம் போடாம தரையில உட்காருங்க."

உட்கார்ந்தேன். முட்டிவலியில் உயிர் போகிறது; ஆனாலும் விடுவதாக இல்லை. இருபது நாளாக இந்த வீட்டில் சத்தமே இல்லை. "உடம்புக்கு முடியலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

நேற்று அதற்கு பிஸ்கட் நீட்டப் படுத்தபோதுதான் மேசையின் அடிப்பலகையைப் பார்த்தேன். முழுக்கப் பென்சில் படங்கள், உன் கைதான். எல்லாவற்றிலும் வாயைப் பிளந்தபடி ஒரு பெரிய ஆள். யாரென்று மீசையே சொல்லிவிட்டது. சின்ன வயதில் நீ அங்கே விளையாடினாய் என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்!

இன்று காலை அது மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. நான் கூப்பிடவில்லை.

உன்னையும் கூப்பிட மாட்டேன். என்றைக்கு வந்தாலும், நான் தரையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா