காலையில் அடித்த காற்று

அன்புள்ள அப்பாவுக்கு, வெண்மதியின் வணக்கம். கால் வலி குறைந்ததா? மைன்ஸ் காண்ட்ராக்ட் வேலைக்கு எப்போது போகலாம் என்றார் டாக்டர்? புனேயில் நான் நலம். போனில் சொல்லத் தைரியமில்லாமல் எழுதுகிறேன்.

அன்று மதியம் நீங்கள் போனில், "வூட்டுக் கூரை ஷீட்டு ஆடிக்கினே இருக்குது, ஏறிக் கட்டலாமா பாப்பா?" என்று கேட்டீர்கள். நெய்வேலிப் பக்கத்து வானிலை நிலைய அளவுகளை இணையத்திலிருந்து எடுத்துத் தரும் என் சின்ன புரோகிராமைப் பார்த்து, "காத்து கம்மியாதான் இருக்குதுப்பா, ஏறுங்க" என்றேன். அது காட்டியது காலையில் சேமித்த அளவு. நீங்கள் விழுந்த பிறகுதான் அதிலிருந்த நேரத்தைக் கவனித்தேன். கண்ணெதிரே ஆடிய கூரையைவிட என் பேச்சை நம்பினீர்கள்.

எல்லோரிடமும் "கால் வழுக்கிடுச்சி" என்கிறீர்களாம். இல்லை அப்பா, நான்தான் ஏறச் சொன்னேன்.

முன்போல, மழை வருமா என்று போனில் கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்கிறேன். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
வெண்மதி