முன்வீட்டு வைஃபை

2025 ஜனவரி 28, செவ்வாய்

றிஷாட் கட்டாரிலிருந்து ஆளிடம் கொடுத்தனுப்பிய ஸ்டிக் வந்து சேர்ந்தது. விரல் நீளம்தான். டிவிக்குப் பின்னால் செருகினால் இன்டர்நெட்டில் வருவதெல்லாம் பெரிதாகத் தெரியுமாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவனுக்கு அங்கேயே நிக்காஹ். பெண்வீட்டார் அங்கேதான் இருக்கிறார்கள். எனக்குப் போக வழியில்லை. "போன்ல பாத்துக் கண்ணக் கெடுக்காதீங்க உம்மா, டிவியில வடிவாப் பாருங்க" என்றான். ஒரே மகன். அவன் கபூல் என்று சம்மதம் சொல்வதைக் கண்ணால் பார்த்தால் போதும்.

ஜனவரி 29, புதன்

செருகினேன். அக்கம்பக்கத்து வைஃபை பெயரெல்லாம் திரையில் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே: ஜவாத் ஹவுஸ்.

என் மருமகன். குவைத்தில் பிறர் வீட்டுக் கக்கூஸ் கழுவி நான் கட்டின வீடு இது. மகள் பஹ்மிதாவின் கலியாணத்துக்கு அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு, குசினிக்குப் பின்னால் இந்த ஒற்றை அறைக்கு வந்தேன். எங்கள் ஊரில் எல்லா உம்மாமாரும் செய்வதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஜவாத் ஹவுஸா? ஒரு கல் சுமந்தவரா அவர்?

பாஸ்வேர்ட் கேட்டேன். "கொண்டாங்க மாமி, நானே அடிக்கிறன்" என்று ரிமோட்டை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு அடித்தார். நான் என்ன கள்ளியா?

சரி, வேலை செய்கிறது. மக்கத்து ஹரம் ஷரீஃப் நேரடியாகத் தெரிந்தது. கொஞ்சம் அழுதேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

நிக்காஹ் லிங்க்கை டிவியில் திறக்கப் பழகிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

அஸர் தொழுகைக்குப் பிறகு போட்டால் பாஸ்வேர்ட் பிழை என்கிறது. பஹ்மிதாவிடம் போனேன்.

"ரோட்டால போற ஆக்களெல்லாம் பாவிக்கிறாங்க எண்டு அவர் மாத்திட்டார் உம்மா. எனக்கும் தெரியா. வந்தாக் கேட்டுத் தாறன்."

நாளைக்கு நிக்காஹ் மகள், என்றேன். "தெரியும்தானே" என்றாள்.

இஷா தொழுது முடித்துவிட்டேன். இன்னும் தரவில்லை.

பெப்ரவரி 7, வெள்ளி

காலையில் கேட்டதற்கு, "மறந்திட்டன் உம்மா, அவர் ஜும்மாவுக்குப் போய்ட்டு வரட்டும்" என்றாள். ஜும்மாவும் முடிந்தது. முன்வீட்டில் ஆட்கள் வந்து இறங்கும் சத்தம் — ஜவாதின் உம்மா, ராத்தாமார், பிள்ளைகள். புரியாணி வாசம் இந்த அறை வரைக்கும் வந்தது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

நான் கட்டின ஹோலுக்குள் கூப்பிடாமல் போய் நிற்கவா? மாட்டேன். போனிலேயே பார்த்தேன். மாப்பிள்ளைத் தொப்பியோடு அவன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதோடு டேட்டா முடிந்து படம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய பெரிய டிவியில், என் பிள்ளையின் குரல். கபூல் சொன்னான். அவர்கள் எல்லாரும் சேர்ந்து துஆ ஓதினார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்ட அல்லா, நான் பெத்த தாயெண்டு ஒருத்தருக்கும் நெனப்பு வரல்லயா?

பிறகு பஹ்மிதா ஒரு தட்டுப் புரியாணியோடு வந்தாள். "நீங்க உங்கட அறையில ஸ்டிக்ல பாப்பீங்க எண்டு நினைச்சன் உம்மா."

சாப்பிடவில்லை.

பெப்ரவரி 8, சனி

றிஷாட் கோல் எடுத்தான். பாத்தீங்களா உம்மா? ஓம் மகன், வடிவாப் பாத்தன்.

பெப்ரவரி 20, வியாழன்

எனக்கென்று தனியாக லைன் எடுத்துவிட்டேன். பூட்ட வந்தவர் பாண்டிருப்பு ஊர் கிசோக். மரியாதையான ஆள். "வைஃபைக்கு என்ன பேர் போடுற அம்மா?" என்றார். பேர் ஒன்றும் வேண்டாம், இருப்பதே இருக்கட்டும் என்றேன். பாஸ்வேர்டுக்கு எட்டு இலக்கம் கேட்டார். யோசிக்கவே இல்லை. வீட்டை எழுதிக் கொடுக்க நான் கையெழுத்து வைத்த திகதியைச் சொன்னேன்.

நிக்காஹ்வை மறுபடி போட்டுப் பார்த்தேன். நடந்து முடிந்ததைப் பார்ப்பதும் ஒரு பார்வையா?

மார்ச் 11, செவ்வாய்

முன்வீட்டு லைன் மழையில் அறுந்து இரண்டு நாளாகிறது. நோன்பு திறந்த கையோடு பஹ்மிதா வந்தாள். அவருக்குக் கடைச் சாமானுக்கு அவசரமாக ஓடர் போட வேண்டுமாம். "உங்கட பாஸ்வேர்டத் தாங்க உம்மா."

"ஒரு திகதிதான் மகள். உனக்குத் தெரிஞ்ச நாள்தான், அடிச்சுப் பாரு" என்றேன்.

அவளுடைய கலியாணத் திகதியை அடித்தாள். பிழை. அவள் பிறந்த திகதி. பிழை. ஜவாத் பிறந்த திகதியையும் அடித்துப் பார்த்தாள். "விளையாடாதீங்க உம்மா, அவர் பாத்துக்கிட்டு இரிக்கார்" என்றாள்.

போனை வாங்கி நானே அடித்தேன், அவளுக்குத் தெரியும்படி. உடனே வேலை செய்தது.

"இது என்ன நாள் உம்மா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியவில்லை அவளுக்கு.

"ஒண்டுமில்ல மகள், சும்மா போட்ட நம்பர்" என்றேன்.

நாளைக்கு மாற்றிவிட வேண்டும்.