வெளுத்த சோற்றை வென்றவனுக்கு

இன்று நண்பகல் ஆலையின் உணவுக்கூடத்தைக் கடந்தேன். முருங்கைக்கீரை வேகும் மணம் வாயிலிலேயே என்னை நிறுத்தியது. அடுப்பருகே உன் இடத்தில் வேறொருவர் நிற்கிறார். நீ மறைந்து ஓராண்டு ஆகிறது, நண்பா. ஆனால் உன் வெற்றி அங்கே நாள்தோறும் பரிமாறப்படுகிறது.

இராசபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணியை வெளுப்பவர்கள் நாம். துளிக் கறை இருந்தாலும் துணி திரும்பி வந்துவிடும். அந்த வெண்மை வெறியைச் சமையலறைக்கும் கொண்டுசென்றவன் நீ. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியை வாங்குவாய்; கழுநீர் தெளியும்வரை ஏழு முறை அலசுவாய். கீரையை அரிந்தபின் கழுவுவாய். வெந்த நீரை வடித்துக் கொட்டுவாய். "நம்ம துணி மாதிரி இருக்கா?" என்று சோற்றைக் காட்டிக் கேட்பாய். மூன்று வேளையும் அங்கேயே உண்ட நானும் மெச்சினேன்.

பிறகு என் வாய் புண்ணாயிற்று. உதட்டோரங்கள் வெடித்தன; நாக்கு சிவந்து எரிந்தது. திருவில்லிபுத்தூரில் நான் பேசவேண்டிய பெருங்கூட்டத்துக்கு ஒரு திங்களே இருந்தது. பேச்சைத் தவிர வேறு படைக்கலம் அறியாதவன் நான்.

"நாவலரே, ஊர்ல உள்ளவியள எல்லாம் திட்டித் திட்டியே நாக்கு வெந்துபோச்சு. செத்த நேரம் சும்மா இரும்" என்று சிரித்தாய்.

மருத்துவர் அம்மையார் மாத்திரை எழுதிவிட்டு, நான் உண்பதையெல்லாம் கேட்டார். உயிர்ச்சத்துக் குறைவு என்றார். பி வகை உயிர்ச்சத்துகள் நீரில் கரைபவை. தவிட்டோடு பெரும்பகுதி போகும், கழுநீரோடும் வடிநீரோடும் மேலும் போகும் என்று விளக்கினார். உன்னிடம் வந்து சொன்னேன். கையிலிருந்த அரிசிச் சட்டியை இறக்கிவைத்தாய்.

"அப்ப ஒம்ம நாக்கப் புண்ணாக்குனது நான்தானா?"

உன்னை மட்டும் எப்படிக் குறைசொல்வேன்? அந்தச் சோற்றைப் புகழ்ந்த வாய் அல்லவா இது?

மறுநாள் தீட்டாத அரிசிச் சோறும் பயறும் நீர் வடிக்காத முருங்கைக்கீரையும் வைத்தாய். துணி மடிக்கும் பெண்கள் தட்டைத் தள்ளினார்கள்.

"என்ன பாய், அரிசியக் கழுவ மறந்துட்டியளா? மாட்டுக்கு வச்சதத் தூக்கியாந்துட்டியளோ?" என்றாள் ஒருத்தி.

நான் முழங்க வாயெடுத்தேன், எரிச்சல் தடுத்தது. நீ கரண்டியோடு நடுவில் வந்து நின்றாய்.

"இம்புட்டு நாளும் சத்தையெல்லாம் சாக்கடையில ஊத்திட்டு ஒங்களுக்குச் சக்கையப் போட்டேன் தங்கச்சி. தப்பு என்மேலதான். நாவலரு வாயப் பாருங்க. ஒரு மாசம் தின்னு பாருங்க. பொறவு எம்மூஞ்சியிலயே எறிங்க."

கேலி பேசியவளே தட்டை இழுத்தாள். "தப்புன்னு ஒத்துக்கிட்டவர என்னத்தச் சொல்ல? கீரைய இன்னும் கொஞ்சம் போடுங்க."

மாத்திரையும் உன் சோறும் சேர்ந்து என் நாவை மீட்டன. திருவில்லிபுத்தூர் மேடையில் ஒரு மணி நேரம் முழங்கினேன். முதல் வரிசையில் இருந்த நீ கைதட்டவில்லை; என் உதட்டோரத்தையே உற்றுப் பார்த்தாய். இறங்கியதும், "எரியலையே?" என்று மட்டும் கேட்டாய்.

அதுவரை பிறர் பிழைகளை அடுக்கியே மேடையில் வளர்ந்தவன் நான். என் கனல் சொற்கள் எதுவும் துணைக்கு வராத அன்று, உன் பிழையை நீ சொன்ன ஒரு சொல்லுக்குத் தட்டுகள் திரும்பி வந்தன. இன்று உயிர்ச்சத்து பற்றிப் பேச ஆலைகளும் பள்ளிகளும் என்னை அழைக்கின்றன. வெளுத்த சோற்றை மூன்று வேளையும் மெச்சி உண்ட மூடன் நானே என்றுதான் தொடங்குகிறேன். கூட்டம் சிரிக்கிறது, பிறகு காதுகொடுத்துக் கேட்கிறது.