முருங்கையடியில் வைத்த விளக்கு

கோலசிலாங்கூர், 13-12-1928, வியாழன்

மழை விட்டு வானம் வெளித்திருந்தது. இன்றிரவு எரிநட்சத்திரங்கள் நிறைய விழும் என்று பத்திரிகையில் படித்ததை நான் கணக்கெழுதும் ஆபீசில் சொல்லியிருக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் அது ரப்பர் தோட்டம் முழுக்கப் பரவி, தொழிலாளர் லயத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி அஞ்சலை வேலியோரம் நின்று சொல்லிவிட்டுப் போனாள். "கிராணி ஐயா, அதப் பாக்காதீங்க. ஒவ்வொண்ணும் ஒரு உசுரு. தப்பித்தவறி பாத்துட்டா ஒடனே பச்ச மரத்தப் பாத்துடணும்."

எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் எங்கள் பிள்ளை காய்ச்சலில் போனதிலிருந்து வாசற்படி தாண்டாத என் மனைவி தங்கம் இன்று வெளியே வர இசைந்தாள். அவள் பயந்துவிடக் கூடாதே என்று முருங்கையடியில் அரிக்கன் லாம்பை ஏற்றி வைத்தேன். இலைகள் பச்சையாகத் தெரிந்தன. கண் கூசி வானம்தான் தெரியவில்லை.

"லாம்பை நூருங்கோ" என்றாள்.

அணைத்தேன். கண் இருட்டுக்குப் பழகியதும், ரப்பர் மரங்களுக்கு மேலே ஒன்று நீளமாகக் கோடிழுத்து மறைந்தது. நம்பிக்கையில்லாத நான்தான் சட்டென்று முருங்கைப் பக்கம் திரும்பினேன். அவள் திரும்பவில்லை.

"எங்கட பிள்ளை போன இரவும் ஒண்டு விழுந்திருக்கும். நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருந்திட்டம். ஒருத்தரும் பாக்கேல்லை."

அடுத்தது விழுந்தது. யாருடைய உயிரோ. "போயிட்டு வா, குஞ்சு" என்றாள்.

நான் உள்ளே வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அவள் ஒவ்வொன்றுக்கும் அதையே சொல்வது கேட்கிறது. ஜன்னல் வழியே போகும் இந்த மேசை விளக்கின் வெளிச்சமும் அவளுக்கு இடைஞ்சலாக இருக்கும். அணைக்கிறேன்.