வரப்பும் கட்டுமானம்தானாம்

நம் வீட்டிலிருந்து,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள என் கணவருக்கு,

ஈஸ்வரி எழுதுவது. இங்கே நான், அத்தை, ஆஷிகா மூவரும் சௌக்கியம். நீங்களும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது கோபப்படாமல் இருக்க வேண்டும். இந்த முறை கோபப்படுவது என் முறை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒப்பந்தம் என்று ஆரம்பித்தாலே உங்களை சூப்பர்வைசர் கூப்பிட்டுவிடுகிறார். ஆஷிகாவின் மார்க்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்த மனிதர் எங்கே போகிறார் என்று தெரியவில்லை. ஹமீதா பானு அக்காவின் மருமகன் ஞாயிற்றுக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். இட்லிப் பொடி, வடகம், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் பாட்டிலைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ரோட்டோரத்து வயலில் குடோன் போட முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்கிற கம்பெனியின் ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “சும்மா ஃபார்மாலிட்டிதான், அடுத்த வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்தப் போட்டுடு” என்றீர்கள். என் பெயருக்குப் பவர் எழுதி, தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பியவரும் நீங்கள்தான். நான் படிக்காமல் கையெழுத்துப் போடுவேன் என்று எந்த நம்பிக்கையில் இருந்தீர்களோ தெரியாது. நம் கல்யாணப் பத்திரிகையையே தப்பு கண்டுபிடித்து அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவள் நான்.

பிரிண்ட் எடுத்துப் படித்தேன். முதல் இரண்டு பக்கம் முழுக்க ‘வரையறைகள்’. இந்த வார்த்தைக்கு இந்த ஒப்பந்தத்தில் இதுதான் அர்த்தம் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அதில் ‘கட்டுமானம்’ என்று ஒன்று. கட்டுமானம் என்றால் என்ன? உங்களைக் கேட்டால் தூண், சுவர், கூரை என்பீர்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? நிலத்தின் மேலோ அடியிலோ மனிதர் ஆக்கிய எதுவும் கட்டுமானம். கட்டடம், கொட்டகை, கிணறு, ஆழ்குழாய், அதோடு வரப்பு, வாய்க்கால், மதகு, மண்மேடு எல்லாம் உட்பட. வரப்பும் கட்டுமானம்தானாம். நண்டு ஓட்டை போட்டால் ஒரு கூடை மண்ணைப் போட்டு மிதித்து அடைக்கிறோமே, அந்த வரப்பு.

சரி, பெரிய மனிதர்கள் எழுதுகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று பக்கத்தைத் திருப்பினேன். ஒன்பதாவது பிரிவில் இருக்கிறது விஷயம். நிலத்தில் இருக்கிற எந்தக் கட்டுமானத்தையும் கம்பெனி யாரையும் கேட்காமல் அகற்றலாம், மூடலாம், மண் கொட்டி நிரவலாம். அப்படியென்றால் நம் வயல் வழியாகப் போகிற வடிகாலையும் மூடலாம். அதற்காகத்தான் வாய்க்காலைக் கொண்டுபோய் அந்த வரையறைக்குள் திணித்திருக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. அவர்கள் போடப் போகும் குடோன் இருக்கிறதே, அது கட்டுமானம் இல்லையாம். போல்ட்டுப் போட்டுப் பொருத்தி, பிறகு பிரித்தெடுக்கக்கூடிய எதுவும், அதன் கான்கிரீட் தளமும் அடித்தளமும் சேர்த்து, ‘தற்காலிக அமைப்பு’ என்று பதினான்காம் பிரிவில் போட்டிருக்கிறது. குத்தகை முடியும்போது தாங்கள் எழுப்பிய கட்டுமானங்களை அகற்றி, நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பார்களாம். எழுப்பியது எதுவுமே கட்டுமானம் இல்லை என்ற பிறகு எதை அகற்றுவார்கள்? முப்பது வருடம் கழித்து ஆஷிகா கையில் ஒரு சிமெண்டுத் தரையைத்தான் கொடுப்பார்கள். நம்முடையது என்றால் மண் வரப்பும் கட்டுமானம். அவர்களுடையது என்றால் ஆள் உயரத்துக்குத் தோண்டி இறக்கும் கான்கிரீட்டும் ஒன்றுமே இல்லை. இதை எழுதிய ஆள் எதிரில் இருந்தால் நான்கு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன்.

நீங்கள் அங்கே வெயிலில் நின்று செய்வதே போல்ட்டுப் போட்டு இரும்புக் குடோன் நிறுத்துகிற வேலை. “நாங்க நிறுத்தினது எங்க பேரப்பிள்ளை காலத்துக்கும் நிக்கும்” என்று எத்தனை தடவை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதெல்லாம் தற்காலிகம் என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு ரோஷம் வர வேண்டாமா?

வடிகாலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு மேலே இருக்கிற வயல்களில் விழுகிற மழைத் தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் இறங்கிப் பெரிய வடிகாலுக்குப் போகிறது. வீரையன் அண்ணன் வயல்தான் முதலில் இருக்கிறது. கார்த்திகையில் அடைமழை பிடித்து, வடிகாலும் இல்லாமல் போனால், அவர் சம்பாப் பயிர் முழுகி வேரோடு அழுகிவிடும். அவருக்கு வேறு வழி கிடையாது. ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் மேடு.

அளக்க வந்தவர்களிடம் வீடியோ காலில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “வடிகாலையும் சேத்து அளங்க, அதுவும் எங்க பட்டாதான்” என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பட்டா நம் பெயரில் இருப்பது உண்மை. மாமா இருந்த காலத்திலும் நம் பெயரில்தான் இருந்தது. ஆனால் அவர் ஒரு நாளும் அதை என் வாய்க்கால் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆவணி பிறந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர் வாருவார்கள், அன்றைக்கு நம் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. இவ்வளவுதான் ஏற்பாடு. இதற்கு யாரிடமும் எழுத்து இல்லை, எந்த ஆபீசிலும் முத்திரை இல்லை. அளந்து நம் கணக்கில் சேர்த்துக்கொண்டால் குத்தகை கொஞ்சம் கூட வரும் என்று பார்த்தீர்கள். கணக்கில் சேர்ந்த அந்த நிமிஷமே அது கட்டுமானமாகிவிட்டது.

மன்னார்குடியில் வக்கீல் கனிமொழியிடம் காட்டினேன், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். வீரையன் அண்ணனுக்கு வழக்கப்படி உரிமை உண்டு, அவர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள். போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கும் இருபத்தோராம் பிரிவு இருக்கிறதாம். யார் வந்து ஆட்சேபித்தாலும் கம்பெனிக்காக நாம்தான் வழக்காட வேண்டும், நஷ்டத்தையும் நாம்தான் ஏற்க வேண்டும். அதாவது வீரையன் அண்ணனுக்கு எதிராகக் கூண்டில் ஏறி நிற்கப் போவது நானும் நீங்களும். கம்பெனி பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை அத்தைக்கு மூட்டுவலி என்று நிறுத்திவிட்டேன், தொடர்கிறேன். அத்தைக்கு இப்போது பரவாயில்லை.

நேற்றுக் காலை தூர் வார வந்துவிட்டார்கள். இந்த வருடம் நாம் சொல்லி அனுப்பவே இல்லை, அவர்களாகவே வந்தார்கள். வீரையன் அண்ணனும் மேலே இருக்கிற மற்ற வயல்காரர்களும் ஆகாயத்தாமரையை அள்ளிப் போட்டு, சேற்றை வாரிக் கரையில் அடித்து, மதகு வரைக்கும் பளிச்சென்று ஆக்கிவிட்டார்கள். மூடப் போகிற வாய்க்கால். சாம்பார் வைத்து, அவரைக்காய்ப் பொரியல் செய்து இலை போட்டேன். பீரோவில் அந்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, அவர்கள் கையில் சேறு காயாமல் இருக்கும்போது நான் எப்படிப் பரிமாறினேன் என்று எனக்குத்தான் தெரியும். வீரையன் அண்ணன் கை கழுவிக்கொண்டே, “தம்பி எப்பம்மா வருது? வந்துச்சுன்னா இந்த மதகக் கொஞ்சம் ஒசத்திக் கட்டிப்புடலாம்” என்றார். வரும் அண்ணே என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அவருடைய அப்பா நம் வயலில் கூலி வேலை செய்தவர் என்பது உங்கள் வீட்டில் இன்னும் அடிக்கடி பேச்சில் வருகிறது. மேலே இருக்கிற வயல் அண்ணன் தானே சம்பாதித்து வாங்கியது. போன மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மதகில் சிக்கிய மரத்தை இழுத்துப் போட்டது அவர்தான். அன்றைக்குத் தப்பியதில் நம் பயிரும் இருந்தது.

இன்று காலை கம்பெனியிலிருந்து அரவிந்தன் என்ற பையன் வந்தான். மரியாதையான பையன்தான், காபி கொடுத்தேன். வரையறையிலிருந்து வரப்பு, வாய்க்கால், மதகு மூன்றையும் எடுத்துவிடுங்கள், குடோனின் அடித்தளத்தைக் கட்டுமானத்தில் சேருங்கள், நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். “மேடம், இது எல்லா எடத்துக்கும் ஒரே ஃபார்மேட். ஒரு வார்த்தைய எடுத்தாக்கூட ஹெட் ஆபீஸ் ஒத்துக்காது” என்றான். பக்கத்து நிலத்துக்காரர் வாழ்க்கை இது தம்பி, என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அவரே சம்மதிக்க மாட்டார் என்றேன். அந்தப் பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “சதீஷ் சார்தான் மேடம் வடிகால மூடிக்கங்கன்னு எங்களுக்கு மெயில் போட்டாரு. மூடினாத்தான் லாரி திரும்ப எடம் இருக்கும்னு நாங்க சொன்னோம், சரின்னுட்டாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்றான்.

உங்களுக்காக ஓர் அந்நியனிடம் சத்தியம் செய்யாத குறையாகப் பேசிவிட்டு அங்கே நின்றேன். அப்போது வந்த கோபம் கம்பெனி மேல் வந்ததைவிடப் பெரியது. அவர்கள் வார்த்தையை வளைத்தார்கள், அது அவர்கள் பிழைப்பு. நீங்கள் அந்த வடிகால் தண்ணீரில் நீச்சல் பழகியவர்.

ஏன் செய்தீர்கள் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. “இந்தக் குத்தகை வந்துட்டா விசாவ முடிச்சிட்டு வந்துடுவேன் ஈஸ்வரி” என்று பொங்கலன்றைக்குச் சொன்னீர்கள். நீங்கள் அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. ஆஷிகா உங்கள் சட்டைக்கு ஹேங்கர்கூட வாங்கி வைத்துவிட்டாள். கையெழுத்துப் போடாவிட்டால் நான் எதை இழக்கிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதுதான் என் ஆத்திரத்தை இன்னும் அதிகமாக்குகிறது. நீங்கள் வீட்டுக்கு வருவதற்கு வீரையன் அண்ணன் பயிர் முழுகித்தான் ஆக வேண்டும் என்று எழுதி, கடைசியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்னால் முடியாது.

ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் ஒன்று இருக்கும். நீங்கள் அனுப்பிய பவர் பத்திரம்தான். திருப்பி அனுப்புகிறேன். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து விழ வேண்டுமென்றால் இனி நீங்களேதான் வந்து போட வேண்டும். வாருங்கள். வந்து, முதலில் தூர் வாரிய அந்த வடிகால் கரையில் நில்லுங்கள். வீரையன் அண்ணனைக் கூப்பிட்டு, இதை மூடப் போகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்து உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால், பேனாவை நானே எடுத்துத் தருகிறேன்.

உங்களால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறேன். குத்தகை இல்லாவிட்டாலும் சம்பா இருக்கிறது, நான் இருக்கிறேன். மழைக்கு முன்னால் மதகை உயர்த்திக் கட்ட ஓர் ஆள் குறைகிறது.

வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். மயூரநாதர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கோபத்தோடும், வாசலைப் பார்த்தபடியும்,
உங்கள் ஈஸ்வரி.